மன்சனார் முகாமில் கட்டடங்களே இல்லையே, எதைப் பாதுகாக்கிறார்கள்?

நியாயமான கேள்விதான். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருந்த இந்த முகாமில் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்து வைத்தது. ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலான கட்டடங்களைப் பிரித்து விற்றுவிட்டார்கள். பெரிய அரங்கமும் வாயிலில் இருந்த இரண்டு கல் காவலறைகளும்தான் தப்பின.

ஆனால் தரையில் நிறைய இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தின் முன் வரிசையில் நிற்பவர்களுக்காகக் கைதிகளே குளமும் பாறையும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். பின்னாளில் அவை மண்ணுக்குள் போய்விட்டன. 1992-இல் இது தேசிய வரலாற்றுத் தலமானது. அப்புறம் தொல்லியலாளர்களும் தன்னார்வலர்களும் மண்ணை அகற்றி, பல தோட்டங்களை வெளிக்கொண்டு வந்தார்கள்.

பழைய பேரி, ஆப்பிள் மரங்கள்தான் பெரிய வேலை. முகாமுக்கு முன்பே அங்கு வாழ்ந்த விவசாயிகள் நட்டவை அவை. தண்ணீரின்றி வாடிக் கிடந்தவற்றைக் கைதிகள் கவாத்து செய்து காய்க்க வைத்தார்கள். இன்றும் அமெரிக்க தேசியப் பூங்காத் துறை கவாத்து செய்கிறது, தண்ணீர் விடுகிறது. கட்டடம் போல் மரத்தைப் பூட்டி வைக்க முடியாதே!

காவல் கோபுரம், சில குடியிருப்புகள் போன்ற சிலவே புதிதாகக் கட்டப்பட்டவை. முழு முகாமையும் திரும்பக் கட்டாதது சரி என்பேன்; காலி நிலத்தில்தான் அதன் பரப்பு உறைக்கிறது.