எட்டு வருடம் கழித்துக் கடினப்பந்து: கொழும்பில் எங்கே தொடங்குவது?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து ஆறு மாதமாகிறது. வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். வயது 36. கல்லூரி அணியில் தொடக்க ஆட்டக்காரனாக ஆடியவன். கிரிக்கெட் பந்தைத் தொட்டு எட்டு வருடமாகிறது. இடையில் டென்னிஸ் பந்து மட்டும்தான். இங்கே வெளிநாட்டவர்கள் நடத்தும் ஒரு கிளப் ஞாயிறு நட்பு ஆட்டங்களுக்குக் கூப்பிடுகிறது. நிறுவனங்களுக்கிடையே நடக்கும் மேர்கன்டைல் போட்டிக்கான அணிக்கு எங்கள் நிறுவனமும் பெயர் கேட்கிறது. எதில் சேர்வது?

பதில்: ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் சேருங்கள், தம்பி. நிறுவன அணிக்கு அடுத்த சீசன் வருகிறேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 58 கிராம் டென்னிஸ் பந்துக்குப் பழகிய கையும் கண்ணும் 160 கிராம் கடினப்பந்துக்கு, அதாவது தோல் போர்த்திய கிரிக்கெட் பந்துக்கு, மாற அவகாசம் வேண்டும். போட்டி ஆட்டம் அந்த அவகாசத்தைத் தராது.

மேர்கன்டைல் என்றால் அலுவலகப் பொழுதுபோக்கு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அப்படியல்ல. முன்னணி நிறுவனங்களின் அணிகளில் தேசிய அணிக்கு ஆடியவர்களே இருப்பார்கள். கீழ்ப் பிரிவுகளிலும் பாடசாலைக் கிரிக்கெட்டில் ஊறி வந்த பையன்கள்தான் புதுப் பந்தைக் கையில் எடுப்பார்கள். இரண்டு ஆட்டத்தில் சோபிக்காவிட்டால் உங்கள் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். நட்பு ஆட்டத்தில் கதை வேறு. 30, 40 ஓட்டம் எடுத்தவர் தானே விலகி அடுத்தவருக்கு வழிவிடுவது அங்கே பல அணிகளில் வழக்கம். சொதப்பினாலும் அடுத்த ஞாயிறு ஆடலாம்.

வெளியூர்க்காரர்கள் கிளப்பா என்று கூச்சப்படவும் வேண்டாம். கொழும்புக் கிரிக்கெட்டே அப்படித் தொடங்கியதுதான். 1863இல் ஐரோப்பியர்களுக்காகக் கொழும்பு கிரிக்கெட் கிளப் வந்தது. 1899இல் தமிழ் யூனியன் வந்தது. முரளிதரன் ஆடிய கிளப் அது. அதன் பொரளை மைதானத்தில்தான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட்டை ஆடியது. ஒருநாள் போய்ப் பாருங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மென்பந்து, அதாவது டென்னிஸ் பந்து, துள்ளி எழும்பும். காலை ஒதுக்கி, பந்துக்கு அடியில் துடுப்பை விட்டுத் தூக்கினால் எல்லைக்கோட்டைத் தாண்டும். கடினப்பந்தில் அதே பழக்கம் மிட்-ஓனில் பிடியாக முடியும். போதாததற்கு, கொழும்பின் புல்தரை ஆடுகளங்கள் பெரும்பாலும் மெதுவானவை. பந்து தாழ்ந்து வரும், திரும்பும். ஊரில் மேட்டிங்கில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில், ஆடிப் பழகியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மேலே வரும் என்று நினைத்த பந்து கணுக்காலில் வந்து நிற்கும். முதல் மூன்று வாரம் வலைப் பயிற்சியில் தூக்கி அடிக்கவே வேண்டாம். பழைய பந்து ஒன்றை நண்பர் பதினைந்து யார் (கெஜம்) தூரத்திலிருந்து எறியட்டும்; முடிந்தவரை தாமதமாக, கண்ணுக்குக் கீழே வைத்து ஆடுங்கள்.

அதைவிட முக்கியம் பிடி எடுக்கும் பயிற்சி. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு, 41 வயதில், ஒரு பயிற்சியும் இல்லாமல் நேரே ஆட்டத்துக்குப் போனேன். மூன்றாவது ஓவரில் ஸ்லிப்பில் பந்து வந்தது. கை தளர்ந்து பின்வாங்கவில்லை. விரல்கள் விறைத்துப் பந்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல் கிழிந்து ஐந்து தையல். இரண்டு மாதம் துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. தினமும் ஐம்பது பிடி, முதலில் மெதுவாக. அது போதும்.

தலைக்கவசத்தையும், இடுப்புக்குக் கீழே அணியும் காப்பான பொக்ஸையும் இரவல் வாங்காதீர்கள். தலைக்கவசத்தில் பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரக் குறி இருக்கிறதா பாருங்கள், கழுத்துக் காப்பும் சேர்த்து வாங்குங்கள். 2014இல் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸ் இறந்தது கழுத்தில் பட்ட பந்தால்தான். துடுப்பு புதிது என்றால் மரச்சுத்தியலால் ஐந்தாறு மணிநேரம் தட்டிப் பழக்க வேண்டும். விளிம்பும் அடிநுனியும் விடுபடக் கூடாது. இந்த ஊரில் அடிநுனிதான் முதலில் கெடும். இரவு மழையில் நனைந்த தரையில் ஊன்றி நின்றால் ஈரம் ஏறி மரம் ஊதிவிடும். ஒரு ரப்பர் காப்பு ஒட்டிவிடுங்கள். கார் டிக்கியில் போட்டு வைத்தால் வெடிக்கும்.

வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வியர்வை காயாது, கையுறை பத்து ஓவரில் ஊறிவிடும், இரண்டாவது ஜோடி வேண்டும். தண்ணீரை முதல்நாள் இரவே குடிக்கத் தொடங்குங்கள். இடைவேளையில் செவ்விளநீரும் சிட்டிகை உப்பும் நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் இங்கே நம்பி ஆடக்கூடிய காலம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடிமழை.

இன்னொன்று. இப்படிப்பட்ட கிளப்களில் பலர் இரண்டு மூன்று வருடத்தில் வேலை முடிந்து நாடு மாறிவிடுவார்கள். பதினொரு பேரைச் சேர்ப்பதே செயலாளருக்குத் தலைவலி. வருவேன் என்று சொன்னால் வருகிற, ஆட்டக் கட்டணத்தைக் கேட்காமல் கொடுக்கிற, ஸ்குவெயார் லெக்கில் நின்று நடுவர் வேலை பார்க்கிற ஆளுக்கு அரைச்சதம் அடிக்கிறவனைவிட மரியாதை அதிகம். மழை என்று நீங்களாக முடிவெடுத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். வெள்ளவத்தையில் கொட்டுகிற நேரத்தில் பொரளையில் தரை காய்ந்து கிடக்கும். கப்டன் வேண்டாம் என்று சொல்லும்வரை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.