பிசாசு கட்டறுத்தால் அடி யாருக்கு?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் 5ஆம் பதிப்பில் (2014 விதிகள்) ஆட்டம் நடத்துகிறேன். எங்கள் விசார்ட் (மந்திரவாதி) 7ஆம் லெவல். எந்தச் சண்டை வந்தாலும், பிசாசை வரவழைத்து ஏவும் ‘சம்மன் கிரேட்டர் டீமன்’ மந்திரத்தைப் போடுகிறார். பிசாசு அடங்கினால் சண்டை சப்பென்று முடிகிறது; மீறினால் மற்றவர்கள் செத்துப் பிழைக்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: மந்திரத்தின் பலத்தில் கை வைக்காதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

பிசாசு தன் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் கரிஸ்மா சேவிங் த்ரோ (20 முகப் பகடை உருட்டி, கரிஸ்மா எண்ணைக் கூட்டி, கட்டிலிருந்து தப்பும் முயற்சி) போடும். ஜெயித்தால் கட்டு அறுந்துவிடும். பிறகு பக்கத்தில் பிசாசல்லாத எவர் இருந்தாலும் பாயும். உங்கள் விசார்டின் இன்டெலிஜன்ஸ் 18 என்றால் டிசி (பிசாசு எட்ட வேண்டிய எண்) 15. பார்ல்குரா என்ற பிசாசுக்குக் கரிஸ்மா -1. ஆக டர்னுக்கு 25 சதவீதம். மூன்று டர்ன் அடங்கியிருக்க 42 சதவீத வாய்ப்புதான். பிசாசின் உண்மைப் பெயரைச் சொன்னால் அதற்கு டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுக்கும்). அடங்கியிருக்கும் வாய்ப்பு 82 சதவீதமாக ஏறும்.

9ஆம் லெவலில் ஆசை பெருகும். 5ஆம் லெவல் ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) வ்ராக் என்ற பிசாசு வரும். அதற்கு மேஜிக் ரெசிஸ்டன்ஸ் (மந்திரத்துக்கு எதிராக இருமுறை உருட்டி அதிகமானதை எடுக்கும்) உண்டு, கரிஸ்மா சேவ் +2. டிசி 16 ஆனாலும் முதல் டர்னிலேயே 58 சதவீதம் மீறிவிடும்! பெயர் தெரிந்தால்கூட அது 35ஆகத்தான் குறையும். இதை விசார்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்தே எடுக்கும் ரிஸ்க்தான் சுவாரசியம்.

ஆனால் உங்கள் சிக்கல் வாய்ப்புக் கணக்கில் இல்லை. பஸ்மாசுரன் வரம் கொடுத்தவர் தலையில்தான் கை வைக்கப் போனான். இங்கே வரவழைத்தவர், பிசாசு தாண்ட முடியாதபடி ரத்தத்தால் போட்ட வட்டத்துக்குள் பத்திரமாக நிற்கிறார், அடி வாங்குவது ஃபைட்டர். கான்சன்ட்ரேஷனை (மந்திரத்தைத் தாங்கும் கவனத்தை) விட்டாலும், மீறிய பிசாசு 1டி6 (ஆறு முகப் பகடையில் விழும் எண்) ரவுண்டு நின்று ஆடும். பலன் விசார்டுக்கு, செலவு ஊருக்கு.

இதற்கு விதியிலேயே பாதி மருந்து இருக்கிறது. வட்டம் போட, 24 மணி நேரத்துக்குள் கொல்லப்பட்ட மனிதவகை உயிரின் ரத்தம் வேண்டும். மந்திரம் முடிந்ததும் அது தீர்ந்துவிடும். பையில் எப்போதும் இருக்கிறது என்று விட்டுவிடாமல், “இந்தக் குப்பி யாருடையது?” என்று கேளுங்கள். குழுவில் பாலடின் (சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரர்) இருந்தால் அந்தக் கேள்வியே ஒரு அமர்வை ஓட்டிவிடும்.

மீதிக்கு என் வீட்டு விதி (நானே சேர்த்துக்கொண்டது) ஒன்று. கட்டு அறுந்த பின் வரும் முதல் டர்னில் பிசாசு தாக்காது, விசார்டிடம் பேரம் பேசும்: “உன் குருவின் முகம் உனக்கு மறந்துபோக வேண்டும். சம்மதித்தால் இந்தச் சண்டை முடியும்வரை உன் பக்கம்.” மறுத்தால் விதிப்படி பாயட்டும். விலையை விசார்டே தர வேண்டும், அதுவும் எல்லோர் முன்னாலும். சம்மதித்தால் கேரக்டர் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், உண்மைப் பெயர்களைச் சும்மா கொடுக்காதீர்கள். ஒரு பெயருக்கு ஒரு சாகசமாவது ஆகட்டும்.