‘அப்படித்தான் சார் இருக்கும்’ என்றால் விட்டுவிடாதீர்கள்
வாசகர் கேள்வி-பதில்: கார் பக்கம்

கேள்வி: டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் வண்டியே உதறுகிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுத் திருப்பித் தருகிறார்கள், இரண்டு வாரத்தில் பழைய கதைதான். கடைசியாகப் போனபோது, ‘இந்த மாடல் அப்படித்தான் சார் இருக்கும், நீங்க ஓட்டுற விதமும் ஒரு காரணம்’ என்று சொல்லிவிட்டார்கள். வாரண்டி முடியப்போகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது, ஏனென்றால் இதே வசனத்துக்காக ஒரு கம்பெனி கோர்ட்டில் அபராதம் கட்டியிருக்கிறது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வைத்த ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் உங்களுக்கு வருகிற மாதிரியே உதறல் வந்தது. அது கியர்பாக்ஸ் கோளாறு என்று தெரிந்தும், ஓட்டுகிறவர் கையாளும் விதம்தான் காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2018-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டின் அந்நாட்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஃபோக்ஸ்வாகனும் 2013-ல் டிஎஸ்ஜி என்ற தன் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் கோளாறுக்காகச் சீனாவில் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் சரிசெய்து தருவதற்காகத் திரும்ப அழைக்க (ரீகால்) வேண்டி வந்தது.

ஏன் உதறுகிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் சர்வீஸ் சென்டரில் பேசத் தெம்பு வரும். இந்த வகை கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. ‘டிரை’ வகை என்றால் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்காது, அதனால் சூட்டை இறக்க வழி குறைவு. நெரிசலில் வண்டி ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கிறது, சூடேறுகிறது, பிடிமானம் சீராக இல்லாமல் போகிறது. ஆயில் சீல் கசிந்து கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டாலும் இதே உதறல் வரும். தட்டிலோ சீலிலோ பழுது இருந்தால் எத்தனை அப்டேட் போட்டாலும் அது போகாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஜாப் கார்டை, அதாவது சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் சொல்லும் குறைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாளை, எடுத்துப் பாருங்கள். நீங்கள் ‘உதறுகிறது’ என்று சொன்னதை சர்வீஸ் அட்வைசர் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி எழுதியிருந்தால் நீங்கள் குறை சொன்னதாகவே பதிவு இல்லை, வாரண்டி முடிந்த மறுநாள் ‘இது புதுசா வந்த பிரச்சினை’ என்பார்கள். அதனால் அடுத்த முறை ‘நெரிசலில், என்ஜின் சூடான பிறகு, ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறல்’ என்று உங்கள் வார்த்தையிலேயே எழுத வையுங்கள். எழுதும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். காலையில் குளிர்ந்த என்ஜினோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல விடாமல், வண்டி நன்றாகச் சூடான பிறகு டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஓடோமீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது. ‘அப்படித்தான் இருக்கும்’ என்றால், அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதை எழுத்தில் தர அவர்கள் தயங்குவார்கள், விஷயம் மேலிடத்துக்குப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

அமெரிக்காவில் இதற்கென்றே ‘லெமன் லா’ என்று சட்டம் இருக்கிறது, 1982-ல் கனெக்டிகட் மாநிலம் ஆரம்பித்து வைத்தது. ஒரே குறைக்கு நான்கு முறை ரிப்பேர் பார்த்தும் சரியாகவில்லை, அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது என்றால் கம்பெனி வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும் என்பது பல மாநிலங்களில் உள்ள பொதுவான அளவு. இப்படித் தனிச் சட்டம் இல்லாத இடங்களில் நுகர்வோர் சட்டம்தான் வழி. எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த ஜாப் கார்டுகளைத்தான்.

கேள்வி: ஒரு பிராண்டால் நொந்துபோய்விட்டேன், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நம்பி வாங்கக்கூடிய பிராண்ட் எது?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு என்றால் எதுவும் இல்லை. நம்பகத்துக்கே பேர்போன டொயோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் டன்ட்ரா பிக்கப், தங்கள் சொகுசு பிராண்டான லெக்சஸின் எல்எக்ஸ் ஆகிய வண்டிகளில் சுமார் ஒரு லட்சத்தைத் திரும்ப அழைத்தார்கள், தயாரிப்பின்போது என்ஜினுக்குள் தங்கிப்போன உலோகத் துகள்கள்தான் காரணம். 2022-ல் அவர்களுடைய மின்சாரக் கார் பிஇசட்4எக்ஸில் சக்கரமே கழன்றுவிடும் ஆபத்து இருந்தது. இதனால் டொயோட்டா மோசம் என்று ஆகிவிடாது. பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எந்த என்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருடத்து மாடல் என்று பாருங்கள். ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு வண்டிகளில் ஒன்று பத்து வருடம் உழைக்கும், மற்றது ஓயாமல் தொந்தரவு தரும். முற்றிலும் புதிய மாடல் வந்தால் ஒரு வருடமாவது பொறுங்கள் என்பேன்.

தரவரிசைப் பட்டியல்களைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் கார்களின் தரம் பற்றி இரண்டு முக்கியக் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஒன்று வாங்கிய முதல் 90 நாள் அனுபவம், இன்னொன்று மூன்று வருடம் ஓடிய வண்டி. இரண்டிலுமே நூறு வண்டிக்கு எத்தனை குறை என்றுதான் எண்ணுகிறார்கள், அதனால் போன் புளூடூத்தில் சேரவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் படுத்துவிட்டது என்பதும் ஒரு குறை. விளம்பரத்தில் ‘முதலிடம்’ என்று போட்டிருந்தால் அது எந்தக் கணக்கெடுப்பு என்று கேளுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன டர்போ பெட்ரோல் கார் பார்த்திருக்கிறேன். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள் ஓடுகிற வகை என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: சர்வீஸ் ஹிஸ்டரி முழுதாக இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் என்பது என்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற பெல்ட். பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 பியூர்டெக், ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் இரண்டும் இந்த விஷயத்தில் நிறையப் பேரை அழவைத்த என்ஜின்கள். ஆயிலில் ஊறிய பெல்ட் உதிர ஆரம்பிக்கும், உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைக்கும். ஆயில் பிரஷர் இறங்கியும் ஓட்டிக்கொண்டே இருந்தால் என்ஜினே போய்விடும். தவறான ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் தள்ளிப்போட்டாலோ இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பியூர்டெக்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தாலே பெல்ட் தெரியும். உப்பி அகலமாகிவிட்டதா என்று அளக்க அதற்கென்றே ஒரு கேஜ் இருக்கிறது, மெக்கானிக்கைக் கூட்டிப்போய் அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய காரின் ஏர்பேக்கை மாற்றச் சொல்லி முந்தைய ஓனர் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். ஏர்பேக் கோளாறு எவ்வளவு ஆபத்து என்பதற்கு டகாட்டா என்ற ஜப்பானிய ஏர்பேக் கம்பெனியின் கதையே போதும்: அதன் ஏர்பேக்குகளை விரியச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது அதன் உலோகக் கூடே வெடித்துச் சிதறி ஆட்களைக் கொன்றிருக்கிறது. உலகம் முழுக்கப் பல கோடி கார்களைத் திரும்ப அழைத்தார்கள், அந்தக் கம்பெனியே 2017-ல் திவாலானது. இந்தக் கோளாறு ஓட்டும்போது எந்த அறிகுறியும் காட்டாது. கை மாறிய கார்களில் கடிதம் பழைய ஓனருக்கே போய்விடுவதால் நிறையப் பேருக்கு விஷயமே தெரிவதில்லை, உங்களுக்குக் கையில் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் நம்பரைக் கார் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், ரீகால் நிலுவையில் இருந்தால் இன்றே நேரம் குறித்து வாங்குங்கள். இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். மாற்றும் வரை அந்த ஏர்பேக் உள்ள சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், டிரைவர் சீட்டின் ஏர்பேக் என்றால் வண்டியையே எடுக்காதீர்கள்.