அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்டியாயிற்றா?

ஜெர்மனிக்குப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். விசாவுக்காகக் கட்டும் பணத்திலிருந்து மாதம் கிடைக்கும் 992 யூரோ போதுமா? பகுதிநேர வேலை உடனே கிடைத்துவிடுமா? இரண்டும் நியாயமானவைதான். ஆனால் முதல் இரண்டு மாதத்தில் பிள்ளையைப் படுத்தி எடுப்பது இவையல்ல. ஒரு காகிதம் வந்தால்தான் அடுத்த காகிதம் நகரும் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வரிசைதான். அந்த வரிசை தெரிந்து விமானம் ஏறினால் பாதித் தலைவலி குறையும்.

பணத்திலிருந்து தொடங்குவோம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடவேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்துக் கூடும். இது மொத்தமாகக் கைக்கு வராது, மாதம் 992 யூரோவாகத்தான் விடுவார்கள். அதுவும் பிள்ளை அங்கே போய் இறங்கி, வங்கிக் கணக்கு திறந்து, அந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்த பிறகு. அதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். ஆனால் அறை முன்பணம் அதுவரை காத்திருக்காது. தண்ணீர், ஹீட்டர் செலவெல்லாம் சேர்க்காத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகை வரை முன்பணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அடிப்படை வாடகை 350 யூரோ என்றால் முன்பணமே 1,050 வரை போகலாம். அதோடு முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம், போர்வை, தலையணை, பாத்திரம். எனவே பிளாக்டு அக்கவுண்டைத் தவிர 2,000 யூரோவாவது தனியாகக் கையில் இருக்கட்டும். பெரும்பகுதி ஃபாரெக்ஸ் கார்டில், ஒரு சில நூறு யூரோ நோட்டாக. கடன் வாங்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறகு அவசரமாக அனுப்பும் பணத்துக்குத்தான் செலவும் பதற்றமும் அதிகம்.

992 போதுமா என்பதற்கான பதில் ஊரைப் பொறுத்தது. அதில் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் மாதம் சுமார் 150 யூரோ போய்விடும். மிச்சத்தில்தான் வாடகையும் சாப்பாடும். மியூனிக்கில் இழுபறிதான். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற ஊர்களில் மாணவர் விடுதி கிடைத்துவிட்டால் மூச்சு விடலாம். ஜெர்மனியில் கல்விக் கட்டணமே கிடையாது என்று சொல்பவர்களை முழுதாக நம்பவேண்டாம். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை.

இனி அந்த வரிசை. அறை கிடைத்ததும் வீட்டுக்காரரிடம், இவர் இங்கே குடியிருக்கிறார் என்று கையெழுத்திட்ட தாள் ஒன்று வாங்கவேண்டும். அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்று மாணவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வது இதைத்தான். பதிந்த சில வாரத்தில் வரி எண் தபாலில் வரும். வேலைக்குச் சேர அது தேவை. பெரிய ஊர்களில் பதிவுக்கு நேரம் கிடைப்பதே கடினம். இங்கிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் முன்பதிவு செய்துவிடலாம். இரண்டு வாரத்துக்குப் பிந்திய தேதிதான் கிடைத்தது என்றால், முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இதிலிருந்தே அறை தேடும்போது பார்க்கவேண்டியதும் தெரிந்துவிடும். வாடகை குறைவு, ஆனால் ஆன்மெல்டுங் செய்ய முடியாது என்று வரும் அறை வேண்டவே வேண்டாம். அந்த ஒரு தாள் இல்லாமல் மற்றதெல்லாம் நின்றுவிடும். நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும் என்று எழுதும் வீட்டுக்காரர் மோசடிக்காரர்தான். இதில் இரண்டாவது யோசனையே தேவையில்லை. அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பான வழி. பல ஊர்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் காத்திருப்பு இருக்கும்.

அறைக்குள் நுழைந்த முதல் நாளே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பலரும் கோட்டைவிடுவது இதில்தான். ஜெர்மனியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. தெரு, கட்டட எண், பெயர் அவ்வளவுதான். தபால்காரர் பார்ப்பது கீழே வரிசையாக இருக்கும் அஞ்சல் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரை. பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் தனித்தனி உறையில் வரும். காப்பீட்டு அட்டை, வரி எண், குடியிருப்பு அனுமதி பற்றிய கடிதம் எல்லாமே அந்தப் பெட்டிக்குத்தான். ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினாலும் போதும். அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் பார்சல்காரர் திரும்பிவிடுவார்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலோடு வாழ்ந்த நமக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாகவே இருக்கும், அல்லது அங்கே அப்பா பெயர் இருக்கும். ஜெர்மனியில் கடிதங்கள் குடும்பப்பெயருக்குத்தான் வரும். ஆகவே கார்த்திக் என்ற பையனுக்குத் திரு. முருகேசன் என்று அப்பா பெயரில் கடிதம் வந்தால் ஆச்சரியப்படவேண்டாம். பெட்டியில் இரண்டு பெயரும் இருக்கட்டும். பல்கலைக்கழகம் ஒரு மாதிரி, வங்கி ஒரு மாதிரி, காப்பீடு ஒரு மாதிரி என்று பெயர் மாறினால் பின்னால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும். குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், விண்ணப்பம் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் அதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

வேலைக்கு வருவோம். 2024 மார்ச் முதல் மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ, மினி ஜாப் எனப்படும் சிறு பகுதிநேர வேலையில் சம்பள உச்சவரம்பு மாதம் 603 யூரோ. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரிடம் உதவியாளராகச் செய்யும் வேலை 140 நாள் கணக்கில் வராது. ஜெர்மன் மொழி குறைவாக இருந்தாலும் கிடைக்கக்கூடியது அதுதான். வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்பீட்டுச் சலுகைக்கு ஆபத்து. அனுமதி இல்லாமல் ஃப்ரீலான்ஸ் வேலை செய்வதும், வேறொருவர் பெயரில் பதிந்த செயலியில் உணவு டெலிவரி செய்வதும் விசாவையே சாய்த்துவிடும். முதல் செமஸ்டரில் வேலைப் பணத்தை நம்பி வாடகை கட்டும் திட்டம் போடாதீர்கள். அக்டோபரில் போய்ச் சேர்ந்தால், வரி எண் வந்து, வேலை கிடைத்து, முதல் சம்பளம் கைக்கு வர டிசம்பர் ஆகிவிடலாம்.

படிப்பில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நம் கல்லூரிபோல ஹால் டிக்கெட் தானாக வந்து சேராது. ஒவ்வொரு தேர்வுக்கும் குறிப்பிட்ட நாட்களுக்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். பதியவில்லை என்றால் வகுப்புக்கு ஒரு நாள் விடாமல் போயிருந்தாலும் எழுத முடியாது. 1.0 என்பது உச்ச மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பல படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. அடுத்த செமஸ்டர் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டாவிட்டாலும் பல்கலைக்கழகப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். விசா நிற்பதே அந்தப் பெயரில்தான்.

அன்றாடம் எப்படி? ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும், குப்பையில் போடக்கூடாது. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது; மிக்ஸியில் சட்னி அரைப்பதும் அதில் சேர்த்திதான். அறையில் குக்கர் வைத்து, துணியும் உலர்த்தி, குளிர் என்று ஜன்னலை மூடியே வைத்தால் ஒரே குளிர்காலத்தில் சுவர் மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது அதற்கான செலவை முன்பணத்தில் பிடிப்பார்கள். ஜன்னலை லேசாகச் சாய்த்து நாள் முழுக்க வைப்பதால் பயனில்லை, ஹீட்டர் செலவுதான் ஏறும். தினம் இரண்டு மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடவேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய குக்கர் சூடேறாது, அடி பார்த்து வாங்குங்கள். நம்மூர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் இரண்டு வேண்டும்.

பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் வைத்து அனுப்பாதீர்கள். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுபோவதற்குத் தடை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை, நிழலில் உலர்த்தியது கொடுத்தனுப்பலாம். மீன் பொருட்களுக்குத் தடை இல்லை என்பதால் கருவாடு சட்டப்படி சரிதான். பக்கத்து அறைக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

காய்ச்சல் என்றால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டாம், மணிக்கணக்கில் உட்காரவைத்துவிடுவார்கள். பகலில் குடும்ப மருத்துவர். இரவிலும் விடுமுறையிலும் 116117 என்ற எண். உயிருக்கு ஆபத்தென்றால் 112. ஆன்டிபயாடிக் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. ஏற்கெனவே சாப்பிடும் மருந்து இருந்தால் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு அனுப்புங்கள்.

பயணம்தான் பிள்ளைகள் ஆசையோடு காத்திருப்பது, பெற்றோர் அதிகம் பயப்படுவதும் அதற்குத்தான். டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026-இல் மாதம் 63 யூரோ. மாணவர்களுக்கு அதில் 60 சதவீத விலையில் செமஸ்டர் டிக்கெட்டாகப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், மெட்ரோ, மாவட்ட ரயில் எல்லாவற்றிலும் செல்லும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரைகூடப் போகலாம். ஆனால் ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் செல்லாது. தெரியாமல் ஏறினாலும் அபராதம் குறைந்தது 60 யூரோ, மாணவர் என்று கெஞ்சுவதில் பயனில்லை.

புதிதாகப் போனவர்களைக் குழப்பும் இன்னொன்று, ஓடுகிற ரயில் வழியில் இரண்டாகப் பிரிவது. மியூனிக்கிலிருந்து தெற்கே டெகர்ன்சே ஏரிக்குப் போகும் ரயில் ஹோல்ஸ்கிர்ஹெனில் ஒருமுறை பிரியும். ஷாஃப்ட்லாஹில் மறுபடி பிரியும். தவறான பெட்டியில் உட்கார்ந்தவர் ஏரிக்குப் பதில் மலையடிவாரத்தில் இறங்குவார். நடைமேடைப் பலகையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று எழுதியிருக்கும்; பெட்டியின் பக்கவாட்டிலும் போட்டிருக்கும். ஏறும் முன் ஒரு நிமிடம் படித்தால் போதும்.

முன்கூட்டி மலிவாக வாங்கும் விரைவு ரயில் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். சேருமிடத்துக்குப் போக 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கும், வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம்.

ஜெர்மனி படிப்புக்காகத் தரும் தேசிய விசாவோ குடியிருப்பு அட்டையோ இருந்தால், ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய மற்ற ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும். எல்லையே இல்லை என்று நினைத்துப் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுப் போகக்கூடாது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. செக் நாட்டுப் பிராகாவிலிருந்து இரவு பஸ்ஸில் திரும்பும்போது எழுப்பிக் கேட்பார்கள். கைபேசியில் படம் இருக்கிறது என்றால் ஏற்கமாட்டார்கள்.

விசா முடிந்து குடியிருப்பு அட்டை வருவதற்கு முந்திய இடைவெளியில் தற்காலிகச் சான்று ஒன்று தருவார்கள். அதில் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவுக்கு நேரே குறியிட்டிருந்தால் ஜெர்மனிக்குத் திரும்பி நுழையலாம். மூன்றாவது என்றால் முடியாது. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு வர டிக்கெட் போடும் முன் குறி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறும் டிக்கெட்டை அந்த நாட்களில் தவிர்த்துவிடுவது நல்லது. அக்கா கல்யாணமே ஆனாலும், குறியைப் பார்த்த பிறகுதான் தேதி.