வரிசையில் நின்றவர்களின் கணக்கு

அன்புள்ள ஐயா,

உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். நுகர்வோர் பகுத்தறிவோடு நடந்துகொள்வார் என்ற எடுகோளைச் சொன்னதும், 2022இல் பெற்றோலுக்காக வீதியில் கிடந்தவர்களைப் பார்த்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உணர்ச்சியைக் கழித்துவிட முடிந்தால் கணிப்புகள் சரியாகிவிடும் அல்லவா?

ஒரு வாசகர், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் கடந்துபோய்ப் பெற்றோல் வரிசையில் நின்ற ஊர்க்காரன் நான்; அந்தச் சிரிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நின்றவர்களைப் பகுத்தறிவற்றவர்கள் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

தட்டுப்பாடு உண்மையானது, இறக்குமதிக்கு டொலர் இருக்கவில்லை. பயம் அதைப் பெருக்கிய விதத்தைத்தான் மாணவர்களுக்குக் காட்டவேண்டும். வழமையாக இரண்டு லீற்றர் அடித்துக்கொண்டு ஓடியவர், நாளைக்குக் கிடைக்காது என்று பத்து லீற்றர் தாங்கியை நிரப்பி வைத்தார் என்று கொள்வோம். ஆயிரம் மோட்டார் சைக்கிள்காரர்கள் அப்படிச் செய்தால், ஒருவர்கூட ஒரு மைல் கூடுதலாக ஓடாமலே, 8,000 லீற்றர் நிலத்தடித் தாங்கியிலிருந்து வண்டிகளுக்குள் போய்விடும். சிறிய பவுசர் ஒன்று கொண்டுவருவதோ 6,600 லீற்றர்தான். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் சரி.

1936இல் பொருளியலாளர் கெயின்ஸ் பங்குச் சந்தையைப் பத்திரிகை அழகுப் போட்டி ஒன்றோடு ஒப்பிட்டார்: அழகிய முகத்தைத் தெரிவுசெய்பவரை விட, மற்றவர்கள் எதைத் தெரிவுசெய்வார்கள் என்று ஊகிப்பவரே அதில் வெல்வார். பெற்றோல் வரிசையும் அப்படித்தான் நீண்டது. வரிசையில் நிற்கவேண்டாம் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டபோது, எங்கள் ஒழுங்கையில் அதைக் கேட்டவர்கள் பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். வாடைக்காற்று வானிலை அறிக்கையைக் கேட்டு வீசுவதில்லை. பொருளாதாரக் கணிப்பையோ, கணிக்கப்பட்டவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பயத்தைக் கழித்தால் அந்த நாட்களின் கேள்வியையே, அதாவது பெற்றோலுக்கு இருந்த தேவையையே, கழித்ததாகிவிடும்.

உணர்ச்சியிலும் ஒழுங்கு உண்டு. அதே அளவு இலாபம் தரும் மகிழ்ச்சியை விட இழப்பின் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். அதை ஒரு பொருளியல் மாதிரியில் சேர்த்துவிடலாம். எனக்குக் கடினமாகத் தெரிவது ஞாபகம். 2022இலேயே, கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிடப்பட்டு, வரிசைகள் கலைந்தன. ஆனால் என் வண்டியின் முள் பாதிக்குக் கீழே இறங்க நான் இன்றும் விடுவதில்லை. இந்த அரைத் தாங்கியை எந்த ஆண்டுவரை கணக்கில் வைப்பது என்று உங்கள் மாணவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.