ஹாஃப் 2:10 என்றால் ஃபுல் 4:20 தானே?

கேள்வி: எனக்கு வயது 42. திருச்சியில் வங்கி வேலை. நாலு வருஷமாக ஓடுகிறேன். ஹாஃப் மாரத்தானில் என் சிறந்த நேரம் 2 மணி 10 நிமிடம். போன ஜனவரியில் சென்னையில் முதல் ஃபுல் மாரத்தான் (42.195 கி.மீ.) ஓடினேன். 10 கி.மீ. சரியாக ஒரு மணி நேரம், பாதி தூரம் 2:09. அதுவரை பறந்தேன். 29-வது கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டது. நடந்தும் நின்றும் 5:21-க்கு முடித்தேன். வாரம் மூன்று நாள், மொத்தம் 35 கி.மீ. ஓடுகிறேன். பயிற்சியில் ஒரே மூச்சாக ஓடிய அதிக தூரம் 24. வரும் ஜனவரியில் 4:20 அடிக்க ஆசை. கால் பலத்தைக் கூட்ட வேண்டுமா, மனபலத்தைக் கூட்ட வேண்டுமா சார்? 25-வது கிலோமீட்டரில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்குமா?
— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் காலும் நன்றாக இருக்கிறது, மனசும் நன்றாக இருக்கிறது. கோளாறு கணக்கில். வங்கிக்காரரிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதிய நேரங்களையே பாருங்கள். ஹாஃபில் உங்கள் சிறந்த நேரம் 2:10. ஃபுல்லில் பாதி தூரத்தைக் கடந்தது 2:09-இல். அதாவது அன்று விடிவதற்குள் உங்கள் வாழ்நாளின் சிறந்த ஹாஃப் மாரத்தானை ஓடி முடித்துவிட்டீர்கள். பிறகு மெடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் இன்னொரு 21 கி.மீ. கிளம்பியிருக்கிறீர்கள். அந்த இரண்டாம் பாதிக்கு 3 மணி 12 நிமிடம் ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை. முடித்தீர்களே, அதுதான் ஆச்சரியம்.

உங்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நேப்பியர் பாலத்தருகே விடியற்கால இருட்டு, மார்கழிக் காற்று, சுற்றிலும் கூச்சல், இரண்டு வாரம் ஓய்வெடுத்த கால். அந்த நேரத்தில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்பது நடக்கிற மாதிரி இருக்கும். மூச்சுகூட வாங்காது. ஆனால் உள்ளே இருப்பு கரைந்துகொண்டே இருக்கும். தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்துவைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு சுமார் 2,000 கலோரிதான். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 70 கிலோ ஆளுக்கு முழுத் தூரமும் ஓட 2,950 வேண்டும். மிச்சத்தைக் கொழுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், அது ஈர விறகு மாதிரி மெதுவாகத்தான் எரியும். நிதானமாகப் போனால் கொழுப்பின் பங்கு கூடும். வேகம் கூடக்கூட உடம்பு கிளைகோஜனையே தின்னும். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டித் தெம்பு திடீரென்று தீர்ந்து, ஓட்டக்காரர்கள் சொல்லும் ‘சுவர்’ எழும்புவது இதனால்தான். தொடை பிடித்ததற்கும் உப்புக் குறைவை மட்டும் குறை சொல்லாதீர்கள். பழகாத வேகத்தில் பழகாத தூரம் போன தசை அப்படித்தான் மறியல் செய்யும்.

உலகின் உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 2022 பெர்லின் மாரத்தானில் கென்யாவின் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59:51-இல் ஓடினார், இரண்டாம் பாதிக்கு 61:18 ஆனது. 2:01:09, உலக சாதனைதான். மறு வருஷம் சிகாகோவில் அதை உடைத்த கெல்வின் கிப்டம் முதல் பாதியை 60:48-இல் நிதானமாக எடுத்து, இரண்டாம் பாதியை 59:47-இல் முடித்தார். மொத்தம் 2:00:35. அவர்கள் உயரம் வேறு, நம் உயரம் வேறு. ஆனால் கிப்சோகேவுக்கே ஒன்றரை நிமிடம் நழுவியது என்றால் நமக்கு ஒரு மணி நேரம் நழுவாதா?

இப்போது 4:20-க்கு வருவோம். 2:10-ஐ இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள். ஓட்டக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ரீகல் சூத்திரப்படி தூரம் இரட்டித்தால் நேரம் 2.085 மடங்கு ஆகும். அப்படிப் பார்த்தால் 4:31. அதுவும் ஃபுல்லுக்குத் தேவையான தூரத்தை வாராவாரம் ஓடுகிறவருக்கு. வாரம் 35 கி.மீ. ஓடுகிறவர் அதற்கும் மேலே கால் மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. என் தீர்ப்பு 4:45. முகம் சுளிக்காதீர்கள், போன தடவையைவிட 36 நிமிடம் குறைவு.

ஓட வேண்டிய விதம் இதுதான். முதல் 5 கி.மீ. கிலோமீட்டருக்கு 7:00. பிறகு முப்பது வரை 6:45. முப்பதைத் தாண்டும்போது கடிகாரம் 3 மணி 24 நிமிடத்தை ஒட்டி இருக்கும். அங்கே தெம்பு மிச்சமிருந்தால் 6:40, இல்லையென்றால் அதே 6:45. ஒரு நிமிடம் முன்னே பின்னே 4:45 வந்துவிடும். பாதி தூரத்தில் 2:24 காட்டும், போன வருஷத்தைவிட 15 நிமிடம் பின்தங்கியிருப்பீர்கள். வயிற்றைப் பிசையும். திருச்சிக்கார நண்பர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டதாகத் தோன்றும். போகட்டும், முப்பதுக்கு மேலே அவர்களைச் சந்திப்பீர்கள்.

கடிகாரத்தை முழுதாக நம்ப வேண்டாம். பாதையை அளப்பது மிகக் குறுகிய கோட்டில். நாம் வளைவுகளில் அகலமாகத் திரும்பி, தண்ணீர் மேஜைக்கு ஒதுங்கி, நாலைந்நூறு மீட்டர் கூடுதலாக ஓடிவிடுவோம். சாலையோரக் கிலோமீட்டர் பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4:45 கொடி பிடித்து, அந்த நேரத்துக்கான சீரான வேகத்தில் ஓடிக்காட்டும் பேசர் இருந்தால் அவருக்கு முன்னால் போகவே போகாதீர்கள்.

பதினாறு வாரம் கையில் இருக்கிறது. வாரம் நாலு நாளாக்கி, மெல்ல மெல்ல 50 கி.மீ. வரை கொண்டுபோங்கள். ஜிம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்தான் முக்கியம். 18-இல் ஆரம்பித்து இரண்டு வாரம் கூட்டி, ஒரு வாரம் குறைத்து, 28, 30, 32 என்று மூன்று ஓட்டமாவது கணக்கில் சேர வேண்டும். வேகம் 7:30 அல்லது அதற்கும் மெதுவாக. பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஆபீஸ் வம்பைப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஞாயிறு வந்தால் 6:15-க்குப் போய்விட்டுத் திங்கள்கிழமை நொண்டுவார்கள். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வரும். தூறலில் ஓடலாம், இடி மின்னலில் வேண்டாம். ஈரத்தில் தொடையும் அக்குளும் உராயும், முன்கூட்டியே வாஸ்லைன் தடவிக்கொள்ளுங்கள். மார்கழி வந்துவிட்டால் உங்களுக்கு யோகம்தான். ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் கோலத்தை மிதிக்காமல் ஓடுவதே ஒரு பயிற்சி. வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் வேறு பக்கம் போய்விடுங்கள்.

கடைசி 32 கி.மீ. ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும். அப்புறம் தூரத்தைக் குறையுங்கள். அந்த நாட்களில் இல்லாத முழங்கால் வலியெல்லாம் வரும், பயப்படாதீர்கள்.

லாங் ரன்னிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். எனர்ஜி ஜெல்லோ, குளுக்கோஸ் தண்ணீரோ, பேரீச்சம்பழமோ, வயிறு ஏற்பதைக் கண்டுபிடியுங்கள். பசி எடுக்கும் முன்பே, முதல் முக்கால் மணியிலேயே தொடங்குங்கள். என் முதல் ஃபுல்லில் நான் பசிக்கட்டும் என்று காத்திருந்தேன். 34-வது கிலோமீட்டரில் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்த என்னைப் பார்த்து வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் மோர் வாங்கிக் கொடுத்து, “வீடு எங்கே தம்பி?” என்று கேட்டார். தண்ணீரும் தாகத்துக்குத்தான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. அதிகம் குடித்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மேஜைக்கு மேஜை இரண்டு வாய், நடுவில் ஓஆர்எஸ்.

வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். வியர்வை ஊற்றி உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை நேராகச் சிறுநீரகத்தில் கை வைக்கும். 25-இல் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் முதல் 10 வேகமாக ஓடியிருக்கிறீர்கள் என்று பொருள். நாற்பது தாண்டியவர், உட்கார்ந்த வேலை. பயிற்சியைக் கூட்டும் முன் ஒரு தடவை இதய மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு அழுத்தினாலோ கண் இருட்டினாலோ நிற்க வேண்டும், அதில் பேரமே கிடையாது.

ஜனவரியில் ஓடி முடித்ததும் எழுதுங்கள். முடித்த நேரத்தைப் பிறகு சொல்லலாம், முதல் 10 கி.மீ. நேரத்தை முதல் வரியில் போடுங்கள். 1:08-க்குக் கீழே இருந்தால் மீதிக் கடிதத்தை நானே எழுதிக்கொள்வேன்.