மார்க் வாங்கும் பையனுக்கு ஒரு போன் பேச வரவில்லை என்றால்

வணக்கம் அம்மா. மகன் நன்றாகப் படிக்கிறான், ஆனால் ஒரு அலுவலகத்துக்குப் போன் போட்டு விவரம் கேட்கக்கூடத் தயங்குகிறான், விடுதியில் தனியாக எப்படிச் சமாளிப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்க்கைத் திறன் பயிற்சியில் சேர்க்கலாமா என்றும். சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் வகுப்பில் கேட்டுக்கொள்வதைவிட, வீட்டில் அவனிடம் விட்டுவிடும் வேலைகள்தான் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிகளுக்காக இப்படிப் பத்துத் திறன்களைப் பட்டியலிட்டது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, பிறரிடம் தெளிவாகப் பேசுவது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது என்று போகும். படித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரே வேலையில் பாதி அடங்கிவிடும்.

சான்றிதழில் பெயர் தப்பாக அச்சாகியிருக்கிறது என்று வையுங்கள். வழக்கமாக நீங்களோ அவன் அப்பாவோ லீவு போட்டு அலைவீர்கள். இந்த முறை அவனிடம் விடுங்கள். போன் போடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதட்டும்: நான் யார், என்ன பிழை, எனக்கு என்ன வேண்டும். பேசும்போது எந்த ஆவணம் தேவை, எத்தனை நாளாகும், பேசியவர் பெயர் என்ன என்று குறித்துக்கொள்ளட்டும். "நாளைக்கு வாங்க" என்றால் உடனே சரி சொல்லி வைத்துவிடாமல், "எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கப் பழகட்டும். முதல் தடவை உளறுவான். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனைவிட உங்களுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கும்.

சமையல், துணி துவைப்பதெல்லாம் தேவை வந்தால் சீக்கிரம் வந்துவிடும், அதற்குக் கவலை வேண்டாம். பணம் அப்படியில்லை. இப்போதே மாதச் செலவுக்கு ஒரு தொகையை அவன் கையில் கொடுங்கள். பாதி மாதத்திலேயே தீர்ந்துவிட்டால் திரும்ப நிரப்பாதீர்கள். சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் ஒரு வேறுபாட்டை எழுதினார்கள். சில நேரம் பிரச்சினையையே கையாள வேண்டும். சில நேரம் அதனால் வந்த உணர்ச்சியைக் கையாள வேண்டும். பெயர்ப் பிழையைத் திருத்தலாம். வந்துவிட்ட ரிசல்ட்டை என்ன செய்வது? அன்றைக்குப் போய் "அடுத்தது என்ன?" என்று ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் கதவைச் சாத்திக்கொள்ளும். அழுது முடிக்கட்டும், தூங்கி எழட்டும், அப்புறம் பேசலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களையும் தவிர்க்கிறான் என்று வாரக்கணக்கில் போனால் அதைத் திறமைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

விடுதிக்கு அனுப்பும் முன் இதைச் சொல்லி வையுங்கள்: உடம்புக்கு முடியவில்லை, யாராவது மிரட்டுகிறார்கள், கட்டணம் கட்டும் தேதி தவறிவிட்டது, இந்த மூன்றுக்கும் எந்த நேரமானாலும் கூப்பிடலாம், திட்ட மாட்டோம். கூப்பிடும்போது நிஜமாகவே திட்டாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.